ஜன்னல் வைத்த ரூம்

சிங்கப்பூர்க் கப்பலில் ஜன்னல் வைத்த ரூமில் போகப்போவதாகத் தாலுகா ஆபீஸ் கங்காதரன் செங்கல்பட்டில் நாலு தெருவுக்கும் சொல்லி முடித்திருந்தார்.

"மேல்தட்டு, முன்பக்கம், ஜன்னலோடன்னா விலை ரெண்டு மடங்கு சார்" என்றார் கப்பல் ஏஜென்ட்.

"போடுங்க!"

"வேணாம்" என்றாள் மனைவி ஆதியம்மாள். "அடித்தட்டு, நடு ரூம். ஜன்னல் இல்லாட்டி பரவால்ல."

"தெருவே சிரிக்கும்டி! கஞ்சத்தனமா, கடலைக் கண்டு பயமா?"

"மாமல்லபுரம் மீனவன் பொண்ணுக்கு இன்னா பயம்? மேல, முனையிலதான் ஆட்டம் ஜாஸ்தி. மறுவீட்டுக்கு வந்தப்போ எங்க நைனா கட்டுமரத்துல அரை மணி நேரம் வாந்தி எடுத்தது யாரு?"

கங்காதரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏஜென்ட் பக்கம் கம்பீரமாகத் திரும்பினார்.

"அடித்தட்டே எழுதுங்க சார். பாவம், நம்ம சம்சாரத்துக்குக் கடல் ஒத்துக்காது."