உள்ளே விட்ட துணி

ஷமீரா தன்னைக் கவனிக்கிறாள் என்பதை ஒரு மாதமாகக் கவனித்துக்கொண்டிருந்தாள் மதிவதனி.

கரும்பலகையில் கழுத்து வளைவை வரைந்துவிட்டுத் திரும்பினால், மற்ற பெண்களின் கண் பலகையில் இருக்கும். கூத்தாநல்லூர்க்காரி ஷமீராவின் கண் மட்டும் மேடத்தின் இடுப்பில் இருக்கும். மாட்டிக்கொண்டதும் சட்டென்று குனிந்து, ஒரு குட்டி நோட்டில் ஏதோ கிறுக்குவாள்.

தஞ்சாவூரில் அந்தத் தனியார் மகளிர் கல்லூரியின் ஆடை வடிவமைப்புத் துறையில் மதிவதனி தற்காலிக விரிவுரையாளர். ஜூனில் வேலை நீட்டிப்புக் கடிதம் வரவேண்டும். ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கியதற்கு இப்போதுதான் பலன் கிடைத்து, வயிற்றில் நாலு மாசம். தெரிந்தால் கடிதம் வராது. அதனால் மசக்கையைப் பல்லைக் கடித்து மறைத்துக்கொண்டு, திருப்பனந்தாளிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து போனாள்.

கடிதம் வராது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கூட வேலை பார்த்த ராஜாத்தி மேடத்துக்கு வரவில்லை. "ராஜாத்தி சுடிதாரெல்லாம் டைட்டாகுதே, விசேஷம் போல!" என்று துறைத் தலைவி அம்சவல்லியிடம் சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்த புண்ணியவதி மதிவதனியேதான். பேச்சுவாக்கில் சொன்னது என்று இன்றுவரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள்.

அப்படிப்பட்டவளின் இடுப்பை ஒருத்தி உற்றுப் பார்த்தால் தூக்கம் வருமா?

திங்கட்கிழமை, அம்சவல்லியின் அறையிலிருந்து ஷமீரா வெளியே வந்தாள்.

"ஹெச்.ஓ.டி. ரூம்ல உனக்கென்ன வேலை?"

"ஓவர்லாக் மெஷின்ல தைக்க பர்மிஷன் கேட்டேன் மேம்."

"அதை எங்கிட்டல்ல கேக்கணும்?"

"இல்ல மேம்... இதை உங்கள்ட்ட கேக்க முடியாது."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், துணி வெட்டும் மேஜையில் அந்தக் குட்டி நோட்டு கிடந்தது. அடுத்தவர் நோட்டைப் பிரிப்பது தப்புதான். பிரித்தாள்.

தோள் பதினாலரை. மார்பு முப்பத்தாறு. கை நீளம் பதினேழு.

யாருடைய அளவு என்று யோசிக்கவே வேண்டாம். ஜனவரியில் அளவெடுக்கும் பாடத்துக்கு மாடலாக நின்றது அவளேதான்.

அடுத்த பக்கத்தில் 'இடுப்பு, கண்ணளவு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதன் கீழே தேதி வாரியாக: மார்ச் 10, முப்பத்தொன்று. மார்ச் 24, முப்பத்தொன்றே முக்கால். ஏப்ரல் 7, முப்பத்திரண்டரை.

சாட்சியைத் தேதி போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறாள், படுபாவி!

மறுநாள், மாணவிகள் தாங்களே தைத்த உடையைக் கொண்டுவந்து காட்டவேண்டிய பிராக்டிகல் தேர்வு. ஷமீரா நீட்டியது அடர் பச்சைக் காட்டன் குர்த்தி. மதிவதனி அதை உள்பக்கமாகத் திருப்பினாள்.

இரண்டு பக்கத் தையலிலும் இரண்டு இரண்டு அங்குலம் துணி மடங்கிக் கிடந்தது. வகுப்பில் சொல்லித்தந்தது முக்கால் அங்குலம். பின்னால் பிரித்துப் பெரிசாக்கிக்கொள்ள உள்ளே துணி விடுவதெல்லாம் கடைத்தெரு டெய்லர்கள் பழக்கம்.

மதிவதனிக்குப் பிடி கிடைத்துவிட்டது. கடையில் தைத்து வாங்கினால் ஃபெயில். ஃபெயிலானவள் மேடத்தைப் பற்றி எதைப் போய்ச் சொன்னாலும், வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்பார்கள்.

"எந்தக் கடையில தச்சே?"

"நான்தான் மேம் தச்சேன்."

"பொய் சொல்லாத. இவ்வளவு துணி உள்ள விடச் சொல்லி நானா சொல்லிக்குடுத்தேன்?"

"இல்ல மேம்."

"அளவு யாரோடது?"

ஷமீரா சுற்றியிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தாள். "எங்க... லாத்தாவோடது மேம்."

"வீட்டுக்கு மூத்தவளே நீதானே? உனக்கு எங்கேர்ந்து வந்தா அக்கா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மதிவதனி சிவப்புப் பேனாவை எடுத்து, ஷமீராவின் மதிப்பெண் தாளில் 'வெளியில் தைத்தது' என்று எழுதினாள். ஷமீராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள்.

வந்துவிட்டாள், மிரட்டப் போகிறாள் என்று மதிவதனி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மேம், இது உங்களுக்குத்தான் தச்சேன்."

"எனக்கா?"

"எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது மேம்? அதான் லாத்தான்னு வாய்ல வந்துடுச்சு. நெஞ்சுக்குக் கீழ சுருக்கம் வச்சிருக்கேன், வயிறு தெரியாது. உள்ள வரிசையா மூணு தையல் ஓட்டியிருக்கேன். இறுக்கமாகும்போது ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டுக்குங்க. ஜூன்ல லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் தாங்கும்."

மதிவதனி குர்த்தியை மறுபடி திருப்பினாள். மூன்று தையல்களும் அரை அரை அங்குலம் தள்ளி, நூல் பிடித்த மாதிரி ஓடியிருந்தன. அவள் கையில் சிவப்புப் பேனா இன்னும் திறந்தபடியே இருந்தது.

"இதெல்லாம் ஏன்மா செய்யணும்னு தோணுச்சு உனக்கு?"

"ஃபர்ஸ்ட் இயர்ல ராஜாத்தி மேம்தான் எனக்கு ஊசியில நூல் கோக்கச் சொல்லிக்குடுத்தாங்க. அவங்க சுடிதார் டைட்டானதை யாரோ பாத்து ஹெச்.ஓ.டி. கிட்ட சொல்லிட்டாங்களாம் மேம்..."

ஷமீரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப எனக்குத் தைக்கத் தெரியாது."