காலை எட்டு நாற்பதுக்கு வரும் பறவை

அந்தப் பறவை காலை எட்டு நாற்பதுக்கு வரும். வந்ததும் சிறகை மூன்று முறை உதறும். பிறகுதான் உட்காரும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு பி.டி. சார் பெருமையாகப் பேனாவை மூடினார். ஆறு வருஷமாகத் தினமும் பார்ப்பதைத்தான் எழுதியிருந்தார், ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ஒன்றைத் தவிர. அது பறவை இல்லை, மாடி வகுப்பு சயின்ஸ் டீச்சர். சிறகு என்பது அவருடைய குடை.

அன்று பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கதையல்லாத புத்தகங்களைப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படி, பார்த்ததைப் பார்த்தபடி எழுத வைப்பது எப்படி என்று சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். தினமும் சாயந்திரம் நாலரைக்கு மைதானத்தில் அறுபது பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு மேல் விசில் ஊதுகிற தனக்கு இது எதற்கு என்று பி.டி. சார் நழுவப் பார்த்தார். தலைமை ஆசிரியை விடவில்லை.

மேடத்துக்கு வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான்: ஆதாரம்? டீ நன்றாக இருக்கிறது என்று சொன்ன பாவத்துக்குக் கணக்கு சாரிடம்கூட ஆதாரம் கேட்டார். மனிதர் இரண்டாவது கப் குடித்து நிரூபிக்க வேண்டியதாயிற்று.

நேரில் பார்த்த ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள், கற்பனை கூடாது, பேர் போட வேண்டாம் என்றார் மேடம். பேர் வேண்டாம் என்றதில்தான் பி.டி. சாருக்குத் தைரியம் வந்தது. மேடமே தாள்களை வாங்கி, நடுவிலிருந்து ஒன்றை உருவி, மைக்கில் படிப்பார் என்று அவர் கனவா கண்டார்?

"அந்தப் பறவை காலை எட்டு நாற்பதுக்கு வரும்..."

கடைசி பெஞ்சில் பி.டி. சார் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். முன் வரிசையில் சயின்ஸ் டீச்சர், மடியில் குடையோடு, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் படியேறும்போது அவர் சொல்லிவிட்டுப் போகும் ஒரே ஒரு "குட்மார்னிங் சார்", அதை வைத்துத்தான் இவருக்கு ஆறு வருஷமும் ஓடியது. விஷயம் தெரிந்து கோபித்துக்கொண்டால் அதுவும் போச்சு.

மேடம் விடாமல் படித்தார். மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்குச் சாப்பிடும், பாதியைப் பக்கத்துப் பறவைக்குக் கொடுத்துவிடும். சந்தோஷம் வந்தால் பாடும், சுருதி சேராது. கூடு இருப்பது முன்பக்கம், ஆனால் சாயந்திரம் நாலரைக்குப் பின்பக்க மைதானத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். காரணம், கூட்டம் பிடிக்காது.

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. கவனிப்பு என்றால் இதுதான் என்று மேடம் பூரித்துப்போனார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எந்தப் பறவை மேடம் சுருதி பார்த்துப் பாடுகிறது என்று கணக்கு சார் டீக்குப் பழி வாங்கினார்.

மேடம் முன் வரிசைப் பக்கம் மைக்கை நீட்டினார். "பறவைன்னா சயின்ஸ் டீச்சரைத்தான் கேக்கணும். டீச்சர், இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

பி.டி. சார் வாசலைப் பார்த்தார். இருபதடி தூரம். நூறு மீட்டர் ஓட்டத்தில் கோப்பை வாங்கிய கால்கள், இன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டன.

சயின்ஸ் டீச்சர் எழுந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"ரெண்டு தப்பு இருக்கு மேடம். சுருதி சேராதுன்னு போட்டிருக்கு. நல்லாவே சேரும்."

"சரி. இன்னொண்ணு?"

"கூட்டம் பிடிக்காதுன்னு போட்டிருக்கு. நாலரை மணிக்கு மைதானத்துல அறுபது பிள்ளைங்க கத்திக்கிட்டிருக்கும். கூட்டம் பிடிக்காத பறவை அங்க ஏன் போகுது?"

மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. மார்க்கரைத் திறந்துகொண்டு பலகைக்கு ஓடினார். "பின்ன எதுக்குத்தான் போகுது?"

"அங்க விசில் ஊதுறவரைப் பாக்க."

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. கணக்கு சாரின் டீ அப்படியே பாதி வழியில் நின்றது. வெளியூரிலிருந்து வந்த மேடத்துக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. பழக்க தோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஆதாரம்?"

சயின்ஸ் டீச்சர் குடையை எடுத்தார். மூன்று முறை உதறினார். முதன்முறையாகக் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பறவையே சொல்லுதுன்னு எழுதிக்கோங்க, மேடம்."