செஞ்சிக்கு யாரோடு

“இன்னா சார், எப்பவும் வர்ற அந்த அம்மா இன்னிக்கி வர்லியா? பாப்பாவயும் காணோம்?”

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் அப்போதுதான் சாக்கை விரித்து வெள்ளரிக்காயை அடுக்கிக்கொண்டிருந்தவள், ஹரிகிருஷ்ணனைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்.

பக்கத்தில் நின்ற அவன் மனைவி அஞ்சலாட்சி வெடுக்கென்று அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் முதுகுப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு படியைப் பார்த்து நடந்தான்.

வெள்ளரிக்காய்க்காரி அஞ்சலாட்சியின் கழுத்துத் தாலியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, நான் வேற யாரையோ நெனச்சிட்டேம்மா” என்றாள். பொய் சொல்லக்கூடத் தெரியாதவள்.

அந்த அம்மாவாம். பாப்பாவாம்.

மூன்று வருஷமாக மே மாதம் பிறந்தால் போதும், இந்த மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது. சனிக்கிழமை விடிந்தால் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் ஆட்களோடு மலையேறப் போகிறேன் என்று புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பிவிடுவான். மலையே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு மலைமேல் ஆசை வருவது சகஜம்தானே என்று அவளும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். கொஞ்சமாகவா? நாலு பேர் சாப்பிடலாம். ஊறுகாய் வேறு!

இந்த வருஷம் எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சாக்குப்போக்குச் சொல்வான் என்று பார்த்தால், ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றுவிட்டான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் இரண்டும் குரங்குகளைத் துரத்திக்கொண்டு முன்னால் ஓடிவிட்டன. இப்போதே கேட்டுவிடலாம். என்னவென்று கேட்பது? அவள் யார் என்றா? குழந்தைக்கு என்ன வயசு என்றா? கேட்டு, அவனும் உள்ளதைச் சொல்லிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்புவது? பதினாலு வருஷக் குடித்தனம் இந்தப் படிக்கட்டிலேயே முடிந்துபோகுமா?

கேட்கவில்லை. ஏறினாள்.

குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் பால் பாக்கெட்டோடு நாலு தரம் நின்று மூச்சு வாங்குகிறவள், அன்றைக்குப் புருஷனை முந்திக்கொண்டு ஏறினாள். வயிற்றெரிச்சல் வந்தால் முட்டிவலி எங்கே தெரிகிறது?

“அந்தப் படி வழுக்கும், ஓரமா வா” என்றான் பின்னாலிருந்து.

எந்தப் படி வழுக்கும் என்று தெரிந்திருக்கிறது. எந்தப் பாறையில் எப்போது நிழல் விழும் என்று தெரிந்திருக்கிறது. அவளை இந்த நிழலில்தானே உட்கார வைத்திருப்பான். கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருப்பான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பீச் ரோட்டில்கூட ஒருநாள் தன் கையைப் பிடித்து நடக்காத மகராசன்!

சிவப்பாக இருப்பாளோ? ஒல்லியாகத்தான் இருப்பாள். பின்னே, குண்டாக இருந்தால் வாரா வாரம் மலையேறுவாளா?

உச்சிக்கு முன்னால் இருக்கிற பாலத்தைத் தாண்டியதும், மண்டபத்து நிழலில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லிதான். அஞ்சலாட்சியின் பிள்ளைகள் இரண்டும் அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் உருட்டித் தரத் தர வாயில் அடைத்துக்கொண்டிருந்தன.

புருஷன் போதாதென்று பெற்ற பிள்ளைகளையுமா! அஞ்சலாட்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். முடியைப் பிடித்து இழுப்பதாகவே இருந்தாள்.

அவள் திரும்பினாள்.

சந்திரகலா. அஞ்சலாட்சியின் கூடப்பிறந்த தங்கை.

குருசுக்குப்பத்துப் படகுக்காரப் பையனோடு போய்விட்டாள் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் வீடே தலைமுழுகிய தங்கை. அப்பா அம்மாவாவது அழுதார்கள். என் வாசற்படியை மிதித்தால் விளக்குமாறு பிய்ந்துவிடும் என்று சொன்னது அஞ்சலாட்சிதான். சுனாமி வந்த அன்று, குருசுக்குப்பம் என்ன ஆச்சு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தும் வீம்புக்கு விழுங்கிக்கொண்டவளும் அவள்தான். அன்றைக்கு ஹரிகிருஷ்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே ஓடினான் என்று இப்போதுதான் புரிந்தது.

புதுச்சேரிக்குள் எந்த டீக்கடை வாசலில் நின்று பேசினாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குச் சேதி வந்துவிடும். அதனால்தான் செஞ்சி. மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், சந்திரகலாவின் புருஷனுக்கும் வேலை இருக்காது. இதோ, தூணுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு நிற்கிறானே.



“பெரியப்பா!”

நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று பாறைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தது. அஞ்சலாட்சியைத் தாண்டிக்கொண்டு ஓடியது. ஹரிகிருஷ்ணன் குனிந்ததும், பழகிய இடம் போல அவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்படியே சந்திரகலாவின் மூக்கு. அஞ்சலாட்சிக்கும் அதே மூக்குதான்.

“இவங்க யாரு பெரியப்பா?”

அவன் அஞ்சலாட்சியைப் பார்த்தான். சந்திரகலா தலையைத் தூக்கவில்லை.

அஞ்சலாட்சியின் வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டு எரிந்தது. தங்கையைப் பார்த்து அல்ல, புருஷனைப் பார்த்து. இந்தக் குழந்தை நடை பழகியதையும் பேச ஆரம்பித்ததையும் இந்த மனுஷன் ஒருத்தனே பார்த்திருக்கிறான்.

கல்யாணமான நாளிலிருந்து ‘ஏங்க’ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டறியாதவள், இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டினாள்.

“யோவ், மூணு வருஷமா நீ ஒருத்தனே தூக்கிட்டுத் திரிஞ்சது போதும். குடுய்யா எம்புள்ளைய.”