தேர்வுக்கு வந்த முகம்

அழகுக்கலை உரிமத்திற்கான செய்முறைத் தேர்வுக்கு, மாதிரியாக அமரும் பெண்ணைத் தேர்வர்தான் அழைத்துவர வேண்டும். அன்று தேறாவிட்டால் நாகஜோதி ஊர் திரும்ப வேண்டியதுதான். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் அவளோடு ஒரே பார்லரில் பணிபுரியும் அருணா, அவளுக்காக விடுப்பெடுத்து வந்து நாற்காலியில் அமர்ந்தாள்.

"ஏன்டி இப்படிப் பயப்படுற? புருவத்தைத்தான எடுக்கப்போற, என் உயிரையா?"

நூல் பிசகித் தோலைக் கிழித்தது. தேர்வு அதிகாரி திரும்புவதற்குள் அருணா ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

நாகஜோதி தேறினாள். வெளியே வந்ததும் அருணா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"இரு, ஜூஸ் வாங்கிட்டு வரேன். இன்னைக்கு நீ ராணி!" என்று சாலையைக் கடந்து போனாள்.

அப்போது பார்லர் உரிமையாளர் நளினி கைபேசியில் அழைத்தார்.

"பாஸாயிட்டியா? அப்ப போன வாரம் நாம பேசின மாதிரியே அருணா விசாவை கேன்சல் பண்ணிடறேன். லைசென்ஸோட ஒருத்தி இருந்தா போதும். அவ எப்பப் பாரு லீவு கேக்குறா, இன்னைக்கும் லீவு போட்டுட்டா. அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல மேடம்," என்றாள் நாகஜோதி. "மாடலா உக்கார வேற ஆள் கிடைக்கல. அதான், பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்."