ஒரு கீறல் கிடையாது

கோட்டாற்றில் ஒரு வைக்கோல் வண்டி பின்பக்கமாக நகர்ந்து, சிதம்பரதாணு ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளை இடித்தது. பதறி இறங்கிப் பார்த்தான். பளபளக்கும் பெட்ரோல் டாங்கியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்!

இடிபட்ட வண்டி அவனுடைய மாமா ஆறுமுகப்பெருமாளுடையது. ஊருக்கே முதல் மோட்டார் சைக்கிள். இருட்டு விலகுமுன் கெஞ்சி இரவல் வாங்கி வந்திருந்தான். மாமா மகள் பகவதியைப் பெண் கேட்க இருக்கும் நேரத்திலா இப்படி?

“பொறத்தால யாரு வாறான்னு பாக்காண்டாமா ஓய்?” என்று வண்டிக்காரரிடம் எகிறினான்.

“வைக்கோலுதானே மக்கா பட்டுது. வைக்கோலு கீறுமா?” என்றார் அவர்.

அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. பெயிண்டரைத் தேடிப் பிடித்து, கீறல் இருந்த இடமே தெரியாமல் பூசவைத்து, அது காயும்வரை வெயிலில் காவல் இருந்து, சாயங்காலம் மாமா வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டு நிறுத்தினான்.

“நல்லா பாத்துக்கிடுங்க மாமா. ஒரு கீறல் கிடையாது!”

மாமா டாங்கியைத் தடவிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“ஏலே, ஊருக் கண்ணு பூரா இதுமேலதான் இருக்கு. கண்ணு படப்பிடாதுன்னு நேத்து ராத்திரி நானே ஆணி வச்சு ஒரு கீறல் போட்டிருந்தேன். அத எங்கலே?”

மாமா உள்ளே திரும்பிக் கத்தினார்.

“ஏட்டி பகவதி, அந்த ஆணிய எடுத்துட்டு வா!”