படியில் சிவப்பு ஜாக்கெட்

தொழுகை முடிந்து சனம் படியால் இறங்கத் தொடங்கிவிட்டது. சிவப்புக் குளிர் ஜாக்கெட்டை மட்டும் இன்னும் காணவில்லை.

லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டில் டிவிக்கு முன்னால் ரஜனியும் தாய் பாலாம்பிகையும் இருந்தார்கள். திரையில் இஸ்தான்புல் கடைத்தெரு. ஊர் பார்க்கிறவர்களுக்கென்று யாரோ பூட்டிவைத்த லைவ் கமெரா. சுல்தான்கள் காலத்துப் பென்னாம்பெரிய பள்ளிவாசல், அதன் படி முழுக்கப் புறாவும் மழையும்.

லண்டனுக்கென்று வெளிக்கிட்ட தம்பி கௌசிகன் அந்த ஊரில்தான் களவாய் ஆளனுப்புகிற ஏஜென்சிக்காரனிடம் மாட்டுப்பட்டான். போனையும் பறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நெரிசலில் மட்டும் அறையை விட்டு நழுவலாம், பள்ளிவாசல் படியில் நின்று கை காட்டுவேன் என்று இரவல் போனில் கடைசியாகப் பேசும்போது சொன்னான். அன்றிலிருந்து ரஜனி வெள்ளி ஷிப்டே எடுப்பதில்லை.

"அம்மா, தம்பி நிக்கிறான்."

சிவப்பு ஜாக்கெட் படியேறி நின்று கையை ஆட்டியது. பாலாம்பிகை வழமைபோலக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். அழுகிறாளாக்கும் என்று ரஜனி நினைத்தாள். அதுவும் நல்லதுக்குத்தான், கண்ணாடி இல்லாவிட்டால் அம்மாவுக்கு எல்லாம் மங்கல்.

ஏனென்றால் அது கௌசிகன் இல்லை. கிரேக்க எல்லை ஆற்றில் ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட படகு கவிழ்ந்து அவன் போய் இரண்டு மாதமாகிறது. தப்பி, திரும்பவும் அதே அறைக்கு வந்த சிநேகிதன் பிரியந்தன்தான் யாரிடமோ போன் வாங்கி அழுதழுது சொன்னான். அம்மாவிடம் இந்த வெள்ளி சொல்வோம், அடுத்த வெள்ளி சொல்வோம் என்று ரஜனி பார்த்தாள், பாவி நாக்கு எழவேயில்லை. கடைசியில், தம்பி அறையில் விட்டுப்போன ஜாக்கெட்டைப் போட்டு, தலையை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிப் பிரியந்தனையே கெஞ்சினாள்.

சடாரென்று காற்று எழும்பி பிரியந்தனின் ஜாக்கெட் தலைமூடியைப் பின்னால் தள்ளியது. முழு முகமும் கமெராவுக்கு நேரே நின்றது. ரஜனி ரிமோட்டை எடுத்தாள், எந்தப் பொத்தான் என்று பிடிபடவில்லை.

மெல்லத் திரும்பித் தாயைப் பார்த்தாள். கண்ணாடி இன்னும் மடியில்தான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பாலாம்பிகை மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாற்ற பிள்ளையோ, பாவம், நனையுது; இனி வரவேண்டாமெண்டு சொல்லு."