விண்டோ சீட்டின் புகார்கள்

"யாருங்க அந்தக் கடன்காரன்? உங்களை நிம்மதியா இருக்கவே விட மாட்டானா?" என்றாள் என் மனைவி நாகஜோதி.

"பேரைச் சொல்ல தைரியம் இல்லாத பய. 'விண்டோ சீட்'னு ஒரு புனைபேர் வெச்சுக்கிட்டு என் உயிரை வாங்கறான்!"

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது. விளையாட்டு என்று சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். உலகம் முழுக்க ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது அது. விமானத்திலிருந்து குனிந்து பார்த்தால் கீழே ஊர் தெரிய வேண்டுமே, அதை அந்தந்த ஊரில் இருக்கிறவன் கட்ட வேண்டும். குவைத் என் பொறுப்பு. ஆபீசில் நான் வெறும் அக்கவுண்டன்ட். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் குவைத்துக்கே மேஸ்திரி!

ஒரு ஜெர்மனிக்காரர் என் விமான நிலையத்தைப் பார்த்து 'குட் ஜாப்' என்று இரண்டு வார்த்தை எழுதினார். அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் விண்டோ சீட் வாலை ஆட்டினான்.

சிமுலேட்டரின் இணையதளத்தில் வந்த முதல் புகார்: "குவைத் டவர்ஸில் மூன்று கோபுரத்துக்கும் உருண்டை வைத்திருக்கிறீர்கள். மூன்றாவதுக்கு உருண்டையே கிடையாது. நேரில் போய்ப் பாருங்கள்."

எனக்கு வந்ததே கோபம்! "கிளம்பு, அவன் மூக்கை உடைச்சிட்டு வரலாம்" என்று வார விடுமுறையான அந்த வெள்ளிக்கிழமையே நாகஜோதியை இழுத்துக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் ஃபர்வானியாவிலிருந்து காரில் பறந்தேன். அண்ணாந்து பார்த்தால் ஒன்றில் இரண்டு உருண்டை, இன்னொன்றில் ஒன்று. மூன்றாவது மொட்டையாக நின்றது. உடைந்தது என் மூக்குதான்.

"கடல் எவ்வளவு அழகா இருக்குங்க!" என்றாள்.

"அழகு பார்க்கவா வந்தோம்? கோபுரத்தைப் போட்டோ எடு."

பாவம், என் மானப் பிரச்சினைக்காக அவளைக் கடற்கரை முழுக்க நடக்க வைத்தேன். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைக்கும்?

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் உருண்டையைப் பிடுங்கிப் போட்டேன். அடுத்த புகார் வந்தது. முபாரக்கியா சந்தையின் கூரைக்கு நான் அடித்த நிறம் தப்பாம். போனோம். நான் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்து பேரீச்சம்பழ வண்டியில் முட்டிக்கொண்டேன். நாகஜோதி கடை கடையாக நின்று வந்தாள். நிறமும் தப்புதான், தொலையட்டும்.

மூன்றாவது புகார்தான் உச்சம். "கடற்கரைப் பூங்காவில் ஊஞ்சல் கடலைப் பார்த்து இருக்கும். உங்கள் ஊஞ்சல் ரோட்டைப் பார்க்கிறது."

"ஆறாயிரம் அடி உயரத்துல பறக்கிறவனுக்கு ஊஞ்சல் எந்தப் பக்கம் பார்த்தா என்னடா?" என்று வீடே அதிரக் கத்தினேன். கத்தி முடித்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். ஊஞ்சல் வரைக்கும் கட்டி வைத்த திமிர் என்னுடையதுதானே!

ஊஞ்சல் கடலைத்தான் பார்த்தது. நாகஜோதி அதில் ஏறி ஆட ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன பண்றே?"

"உயரம் சரியா இருக்கான்னு பார்க்கிறேங்க."

என்ன பொறுப்பு! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

விண்டோ சீட் யாரென்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆபீசில் என் பக்கத்து சீட் மலையாளி சேதுமாதவன் முன்பு இதே சிமுலேட்டரை ஓட்டியவன். என் கன்ட்ரோல் டவரைப் பார்த்துத் தண்ணி டேங்க் என்று சொன்னவன். நேராகவே கேட்டேன்.

"விண்டோ சீட் நீதானே?"

"நானா? அதை விட்டு ஒரு வருஷம் ஆச்சு சாரே. வைஃப் வந்த பிறகு நேரம் எவிடே? வெள்ளிக்கிழமை ஆனா அவளை வெளியே கூட்டிட்டுப் போகணுமில்லே?"

பொண்டாட்டிதாசன் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அடுத்த புகார். மீன் மார்க்கெட் படகுத்துறையில் நான் ஒரு படகுகூட வைக்கவில்லையாம்.

"போதும்! இவனை பிளாக் பண்றேன். இனிமே ஒரு புகாரும் எழுத முடியாது. கலாஸ்!"

நாகஜோதியின் முகம் வாடிவிட்டது. "விடுங்க, பாவம். நல்லதுக்குத்தானே சொல்றாங்க?"

"உனக்கு விவரம் பத்தாது. இவனாலதான் வெள்ளிக்கிழமையானா உனக்கும் அலைச்சல்."

அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். இளகிய மனசு, யாரோ முகம் தெரியாதவனுக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விரட்டுவதற்கு முன்னால் நறுக்கென்று ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? இங்கிலீஷில் எழுதினேன்: "இவ்வளவு குறை சொல்கிறாயே, இந்த இடங்களை எல்லாம் நீ என்றைக்காவது கண்ணால் பார்த்திருக்கிறாயா?"

மறு நிமிஷமே பதில் வந்தது. தமிழில்.

"நெட்ல போட்டோ பார்த்துத்தான் குறை எழுதினேன். கண்ணால உங்ககூட வந்துதாங்க பார்த்தேன். குவைத்துக்கு வந்ததுல இருந்து எட்டு மாசம் வாயால கேட்டேன். 'இங்க பார்க்க என்ன இருக்கு, மணலும் ஏசியும்தான்'னு திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னீங்க. இங்க எழுதினா அந்த வாரமே கூட்டிட்டுப் போறீங்க. தயவுசெஞ்சு என்னை பிளாக் மட்டும் பண்ணிடாதீங்க."